நடுத்திட்டுப் பிள்ளைகளின் கனம்

நடுத்திட்டுப் பிள்ளைகள் தங்களை எவ்வளவு கனம் என்று நினைத்துக்கொண்டார்களோ அவ்வளவு கனமாகிப்போன வருஷம் ஒன்று இருந்தது. அந்த வருஷத்தில் அதை முதலில் கண்டுகொண்டது பெற்றவர்களும் இல்லை, வாத்தியார்களும் இல்லை, படகுதான்.

கடலை ஒட்டிய உப்பு ஏரிக்கு நடுவில் கிடந்த அந்தத் தீவில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் ஆறாவது சேர்ந்த நாள் முதல் பிள்ளைகள் எல்லாரும் காலையில் ஏகாம்பரத்தின் படகில் ஏறி அக்கரைக்குப் போவார்கள், சாயங்காலம் அதே படகில் திரும்புவார்கள். ஏரியில் ஆழம் அதிகம் இல்லை, பெரும்பாலான இடத்தில் இடுப்பளவுதான். ஆனால் அடியில் கிடந்த சேறு எவ்வளவு ஆழம் என்று அளந்து பார்த்தவன் ஒருவனும் இல்லை. அந்தச் சேற்றில் மூங்கில் கோலை ஊன்றித் தள்ளியே ஏகாம்பரத்தின் வலது தோள் இடது தோளைவிட உயர்ந்துபோயிருந்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சுகாதாரத்துறை ஆட்கள் வந்திருந்தார்கள். வராந்தாவில் எடை பார்க்கும் மிஷினை வைத்து, ஒவ்வொருவராக ஏறச் சொல்லி, ஒரு அம்மா எடையைச் சத்தமாகச் சொல்ல இன்னொரு அம்மா எழுதிக்கொண்டார். ஒன்பதாவது படிக்கும் மோனிஷா ஏறியபோது சொன்ன எடை அவளுக்கு முன்னால் ஏறியவளுக்கும் பின்னால் ஏறியவளுக்கும் சொன்ன எடையை ஒட்டியதுதான். ஆனால் அதைச் சொல்லி முடித்த நிமிஷத்தில் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. காக்காயைப் பார்த்துக்கூடச் சிரித்திருக்கலாம். ஆனால் போன மாசம் மாமன் மகள் கல்யாணத்தில் சரசு அத்தை அவள் கன்னத்தைக் கிள்ளி, "பூசினாப்ல ஆயிட்டியேடி, இப்பதான் பாக்க லட்சணமா கீற" என்று ஆசையோடு சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாணத்து போட்டோவில் ஓரத்தில் நின்ற தன் கை மட்டும் படத்தை அடைத்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது. மிஷினை விட்டு இறங்கும்போது அவளுடைய கால் தரையில் 'தொம்' என்று விழுந்தது.

சாயங்காலம் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்ததும் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்கூட மிச்சமில்லை.

"இன்னாடா, பையில கல்லு கில்லு வச்சிக்கினு ஏறிட்டீங்களா?" என்றார் ஏகாம்பரம். பைகளை எல்லாம் பிரித்துப் பார்த்தார். புத்தகமும் டிபன் பாக்ஸும்தான் இருந்தன. படகில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு, தட்டிப் பார்த்து, தார் பூசிக் காயவைத்தார். ஓட்டை ஒன்றும் இல்லை. மறுபடி ஓட்டிக்கொண்டு வந்தபோதும் படகு அமுங்கியது. பிறகு ஒருநாள் ஊர்த்துறையில் நிறுத்தி, பெற்றவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகளை ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார். தீவிலேயே பருமனான பையன் டில்லிபாபு, மோனிஷாவின் வகுப்புதான். அவன் இறங்கினான், படகு அவனுக்கு உண்டான அளவு எழும்பியது. அவனில் பாதிகூட இல்லாத நந்தினி இறங்கினாள், படகு இன்னும் கூடுதலாக எழும்பியது. மோனிஷா இறங்கினாள். பிடித்து அமுக்கிவைத்திருந்த கையை யாரோ எடுத்துவிட்ட மாதிரி படகு துள்ளி எழுந்து, ஏகாம்பரம் கோலைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார்.

கரையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மோனிஷாவின் அம்மா தெய்வானையும் பார்த்தாள்.

நடுத்திட்டு ஜனங்கள் அதற்காக அலறவில்லை. ஏரி ஒரு வருஷம் இறாலை அள்ளிக் கொடுக்கும், ஒரு வருஷம் வலையை வெறுமையாக அனுப்பும், ஒரு வருஷம் தண்ணீரே செந்நிறமாகி ஜெல்லி மீனாக மிதக்கும், இந்த வருஷம் பிள்ளைகள்மேல் கை வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். எல்லையம்மன் கோவில் முன்னால் கூடிப் பேசி, ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றி, பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் கனத்த பிள்ளைகளை நடுவிலும் மற்றவர்களை ஓரத்திலும் உட்காரவைக்கப் பழகினார். எட்டாவது படிக்கும் சரண் என்ற பையன், தன் கை குச்சியாக இருக்கிறது என்று வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தவன், அவன் நினைப்புக்குத் தகுந்தபடி இலேசாகிப்போய்க் காற்றடித்தால் கால் தரையில் நிற்காமல் தவித்தான். அவனுடைய அம்மா அவன் இடுப்பில் வலைக்கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே மீன் விற்கப் போனாள். கருவாடு காயவைக்கும் பெண்கள், காற்று பலமாக இருக்கும் நாளில், "ஏ மோனி, செத்த வந்து இந்தப் பாய் முனையில குந்து கண்ணு" என்று கூப்பிட்டார்கள். அலையில் ஆடும் படகில் மீன் இறக்கும்போது ஆண்கள் நந்தினியைக் கூப்பிட்டுப் படகின் முன்முனையில், அணியத்தில், நிற்கச் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கூப்பிடவில்லை. பாய் முனையில் உட்கார்ந்த மோனிஷாவின் அடியில் மணல் மெல்ல மெல்ல இறங்குவதையும் யாரும் கவனிக்கவில்லை.

தெய்வானை மகளை அக்கரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மிஷினில் நிற்கச் சொன்னார், முள்ளைப் பார்த்தார், "எடை சரியாத்தாம்மா இருக்கு, கொஞ்சம் கம்மின்னே சொல்லலாம்" என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். அவள் இறங்கும்போது மிஷினுக்கு அடியிலிருந்த தரைக்கல் விண்டு இரண்டாகக் கிடந்தது. டாக்டர் அதையும் பார்த்தார், ஆனால் அதற்கு எழுத அவரிடம் மாத்திரை இல்லை. தராசு ஒன்று சொன்னது, தரை ஒன்று சொன்னது. மோனிஷா தரையைத்தான் நம்பினாள்.

அதன்பிறகு அவளுக்குள் குடியேறிய பயம் சின்னப் பயம் இல்லை. ஈர மணலில் அவள் பாதம் பதிந்த குழிகளில் நண்டுகள் இறங்கித் தங்கின. அக்கம்பக்கத்துப் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போது அந்தக் குழிகளைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால் அலை வந்து உடனே அழித்துவிடும் இடமாகப் பார்த்து, தண்ணீரின் ஓரத்திலேயே நடந்தாள். கட்டிலில் படுப்பதை விட்டாள். பாயில் படுத்தால் தனக்கு அடியில் தரை மூச்சு வாங்குவது கேட்டது. கண்ணாடி முன்னால் நின்றால் தோளும் கையும் கண்ணெதிரே உப்பிக்கொண்டு வந்து சட்டத்தை இடித்தன, அம்மா கூப்பிட்டுத் திரும்பும்போது கண்ணாடியில் மெலிந்த ஒரு பெண் நகர்ந்து போவது கடைக்கண்ணில் பட்டது, அது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டால்தானே கனக்கும் என்று யோசித்தாள். மத்தியானச் சோற்றோடு பள்ளிக்கூடத்தில் போடும் முட்டையை டில்லிபாபுவின் தட்டில் தள்ளினாள். முதல் நாள் அவன் ஒன்றும் கேட்காமல் தின்றான். பிறகு ஒருநாள் கேட்டான்.

"உனுக்கு வேணாமா மோனி?"

"வேணாம்."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல."

"அப்ப இன்னா?"

இவன் எப்படி இந்த உடம்போடு இப்படி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான் என்று அவனுடைய தொடையைப் பார்த்தாள், தன் தொடையைப் பார்த்தாள், பாவாடையை இழுத்து மூடிக்கொண்டாள். டில்லிபாபு முட்டையைத் திரும்ப அவள் தட்டிலேயே வைத்தான். "எனுக்கும் வேணாம்" என்றான். முட்டை கடைசியில் நாய்க்குப் போனது.

சாப்பாடு குறையக் குறைய மோனிஷாவின் கழுத்தெலும்பு தெரிந்தது, தாவணி தோளில் நிற்காமல் வழுக்கியது, தலைமுடி சீப்போடு வந்தது. ஆனால் காலடிக் குழிகள் மட்டும் ஆழமாகிக்கொண்டே போயின. ஊர் முழுக்க அவளுக்குப் புத்தி சொன்னது. "குச்சி மாதிரி கீறியேடி, எவ சொன்னா உன்ன குண்டுன்னு?" என்றாள் ஒருத்தி. "எலும்பும் தோலுமா ஆயிட்ட, உன் வயசுல நாங்க எப்படி இருந்தோம் தெரியுமா?" என்றாள் இன்னொருத்தி. எல்லாம் அன்பால் சொன்ன சொல்தான். ஆனால் ஒவ்வொருத்தியும் சொல்லும்போது அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள், ஒவ்வொருமுறையும் மோனிஷாவின் குதிகால் ஒரு விரல்கடை உள்ளே போனது. அவளுக்கு மட்டும் அது தெரிந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் மழை பெய்து வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவளுடைய நைனா கஜேந்திரன், அவள் ஆறாவது படிக்கும்வரை செய்ததைப்போல, "வா, தூக்கி அந்தாண்ட வுடறேன்" என்று சிரித்துக்கொண்டே அவள் இடுப்பில் கை கொடுத்தார். வலை இழுத்து இழுத்து உரமேறிய கை அது. கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க அவர் தூக்கப் பார்த்தார். அவளுடைய பாதம் தரையை விட்டு எழவே இல்லை. கையை எடுத்துவிட்டு அவர் படியில் உட்கார்ந்து, "நைனாவுக்கு வயசாயிட்ச்சிம்மா" என்று மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் கண்ணில் இருந்ததை மோனிஷா பார்த்துவிட்டாள். கடலில் புயலில் மாட்டிப் பிழைத்து வந்த அன்றுகூட அவர் அப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை.

ஐப்பசி அமாவாசையை ஒட்டி ஒரு சாயங்காலம், கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறும் நேரத்தில், காற்றும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த படகு ஊர்த்துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது, பிறகு இன்னொன்று. பெரிய பிள்ளைகள் டிபன் பாக்ஸ் மூடியால் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். ஆறாவது படிக்கும் சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. சரணை நந்தினி தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மொள்ளுங்கடா! கை நிக்கக் கூடாது!" என்று கத்தினார் ஏகாம்பரம். கோல் சேற்றில் சிக்கி வர மறுத்தது.

மோனிஷாவால்தான் படகு தாழ்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள், அதைப் பார்த்து இன்னொருவன் பார்த்தான், கடைசியில் படகில் இருந்த அத்தனை கண்களும் அவள்மேல் வந்து நின்றன. படகு இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

மோனிஷா எழுந்து, பையைக் கழற்றி வைத்துவிட்டு, விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் இறங்கினாள்.

"ஏய்! மோனி! ஏறு, ஏறு!" ஏகாம்பரம் கோலை நீட்டினார். படகு அதற்குள் துள்ளி எழும்பிக் காற்றில் ஒதுங்கிவிட்டது. அவள் கோலைப் பிடிக்கவில்லை. தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. ஆனால் அடியில் பாதம் பட்ட இடம் நிற்கவில்லை. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று சேறு அவளை வாங்கிக்கொண்டே போனது. குளிர்ந்த, வழவழத்த, அவசரமில்லாத சேறு. அவள் அசையாமல் நின்றாள். அசைந்தால் இன்னும் இறங்கும் என்று பயம்.

பிள்ளைகளைக் கரையில் இறக்கிவிட்டு ஏகாம்பரம் போட்ட சத்தத்தில் ஊரே தண்ணீருக்குள் இறங்கி வந்தது. அந்த இடம் துறையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆண்கள் அவள் அக்குளில் கயிறு போட்டு இழுத்தார்கள். கயிறு அறுந்தது. இரண்டு படகை இருபுறமும் நிறுத்திக் கட்டையைக் குறுக்கே போட்டுத் தூக்கினார்கள். கட்டை முறிந்தது, ஒரு படகு கவிழ்ந்தது. நைனா தண்ணீருக்குள் முழுகிக் கையாலேயே அவள் காலைச் சுற்றிச் சேற்றைத் தோண்டினார், தோண்டத் தோண்டச் சேறு வந்து மூடியது. தெய்வானை மகளின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சேறு இப்போது மோனிஷாவின் முழங்காலைத் தாண்டியிருந்தது. தண்ணீர் நெஞ்சைத் தொட்டது. கடல் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ கனமே இல்லடி கண்ணு, அப்படி நெனைக்காத!" என்று அழுதாள் சரசு அத்தை. மோனிஷா ஒரு விரல்கடை இறங்கினாள்.

"பாரு உன் கைய! எவ்ளோ ஒல்லியா கீது பாரு!" என்றார் ஏகாம்பரம். இன்னொரு விரல்கடை இறங்கினாள்.

"எங்க எல்லாத்தையும் விட நீதான்டி இலேசு!"

"சொல்லும்மா, நான் இலேசுன்னு வாய்விட்டுச் சொல்லு!"

ஊர் முழுக்க வட்டமாக நின்று அவளுடைய உடம்பைப் பார்த்து, அவளுடைய உடம்பைப் பற்றி அழுதது. ஒவ்வொரு சொல்லுக்கும் கை ஒருமுறை வெடுக்கென்று கீழே இழுபடுவதைத் தெய்வானை தன் உள்ளங்கையில் உணர்ந்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு மறுபடி ஒருத்தி வாய் திறந்தாள், மறுபடி கை இழுபட்டது, தெய்வானைக்கு விளங்கிவிட்டது.

"வாய மூடுங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் திரும்புங்க!"

"இன்னா தெய்வான, புள்ள முழுகுது, திரும்பச் சொல்ற?"

"திரும்புங்கன்னு சொல்றேன்ல! யாரும் எம் பொண்ணப் பாக்காதீங்க! ஒருத்தரும் பாக்காதீங்க!"

அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டு முதலில் சரசு அத்தை திரும்பினாள். பிறகு ஏகாம்பரம், பிறகு கயிற்றோடு நின்றவர்கள், பிறகு கரையிலிருந்து நடந்து வந்திருந்த பிள்ளைகள். நைனா மட்டும் சேறு வழியும் முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "யோவ், நீயும்தான்" என்றாள் தெய்வானை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினார். கடைசியில், பிடித்த கையை விடாமல், தெய்வானையும் திரும்பி முதுகைக் காட்டி நின்றாள்.

காற்று மட்டும் இருந்தது. தண்ணீர் மோனிஷாவின் தோளைத் தாண்டியது. இப்படியே முழுகிப்போனால் ஒருவருக்கும் தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பயம் இதுவரை இருந்த எல்லாப் பயத்தையும்விடப் பெரிதாக இருந்தது. 'எம்மா' என்று கூப்பிட வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவளுக்கு முன்னால் முதுகுகள் மட்டும் இருந்தன. ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கிய ஏகாம்பரத்தின் முதுகு. ரவிக்கைக்குக் கீழே மடிப்பு மடிப்பாகச் சதை தொங்கும் சரசு அத்தையின் முதுகு. பனியன் கிழிசலில் பழைய தழும்பு தெரியும் நைனாவின் முதுகு. நனைந்த யூனிஃபார்ம் ஒட்டிய டில்லிபாபுவின் அகலமான முதுகு, அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குக் குளிருகிறது என்று அவள் நினைத்தாள். ஒரு உடம்பைப் பார்த்து உடனே தன் உடம்பைப் பார்க்காமல் இருந்து எத்தனை காலம் ஆகிறது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

அலை ஒன்று வந்து அவள் வாயில் அறைந்தது. உப்பு. துப்பினாள். சேற்றுக்கு மேலே அவள் விலாவில் ஏதோ ஒரு சின்ன மீனோ இறாலோ வந்து கொத்திக் கொத்திப் பார்த்தது. கூச்சமாக இருந்தது. அப்போது அவளுடைய வயிறு, எத்தனையோ நாளாக வாயே திறக்காத வயிறு, தண்ணீருக்கு அடியிலிருந்து கொடகொடவென்று சத்தம் போட்டது.

"எம்மா" என்றாள். இந்த முறை குரல் வந்தது. "பசிக்குது."

தெய்வானையின் விரல்கள் இறுகின. அவள் திரும்பவில்லை.

"இன்னா வேணும்?" தினமும் வாசலில் நின்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"சோறு."

"சோறு கீது. மடவை மீன் கொழம்பு வச்சேன். வா, போலாம்."

தெய்வானை கரையைப் பார்த்து ஒரு அடி எடுத்துவைத்தாள். பின்னால் பிடித்திருந்த கை முதலில் வரவில்லை. அவள் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மோனிஷா வலது காலை அசைத்தாள். சேறு உறிஞ்சிப் பிடித்தது, செருப்பைப் பிடுங்கிக்கொண்டது, பிறகு காலை விட்டது. இடது கால் அதைவிடக் கஷ்டப்பட்டது. அம்மாவின் கையைப் பிடித்து, மூச்சு வாங்கி, அழுது, ஒவ்வொரு அடியாக அவள் வந்தாள். அவளுக்கு முன்னால் ஊர் முழுக்க முதுகு காட்டியபடியே கரையைப் பார்த்து நடந்தது. பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கரை ஏறிய பிறகும் யாரும் திரும்பவில்லை. அப்படியே அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் தெய்வானை தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றித் தனக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நைனா வாசலில் தெருவைப் பார்த்து நின்றார். மோனிஷா ஈரத் துணியோடு தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைப் பார்த்ததும் பயம் மறுபடி வந்தது. ஒரு கவளம் பிசைந்தாள், கை நின்றது. அம்மாவின் முதுகு அசையாமல் காத்திருந்தது. கவளத்தை வாயில் வைத்தாள். மென்று விழுங்கினாள். தனக்கு அடியில் தரை என்ன செய்கிறது என்று காது கொடுத்துக் கேட்டாள். நந்தினி இந்நேரம் அவள் வீட்டில் என்ன செய்கிறாளோ என்று நினைத்தாள். இரண்டாவது கவளம் முதல் கவளத்தைவிடக் கொஞ்சம் எளிதாக இறங்கியது. மூன்றாவது இறங்கவே இல்லை, தண்ணீர் குடித்து இறக்கினாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எண்ணாமல் தின்றாள்.

"எம்மா, கொழம்பு."

தெய்வானை திரும்பாமலே கரண்டியில் குழம்பை மொண்டு, கையைப் பின்னால் வளைத்து, தட்டு இருக்கும் இடத்தை உத்தேசமாகப் பார்த்துச் சாய்த்தாள். பாதி குழம்பு தரையில் ஓடியது, ஒரு மீன் துண்டு மோனிஷாவின் முழங்காலில் விழுந்தது.

மோனிஷா அந்த மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். முள்ளை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "திரும்பும்மா" என்றாள். "கீழ ஊத்துற."

தெய்வானை உடனே திரும்பவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி, மகளின் முகத்தைப் பார்க்காமல், தோளைப் பார்க்காமல், கையைப் பார்க்காமல், தட்டை மட்டும் பார்த்து, ஒரு சொட்டும் சிந்தாமல் குழம்பை ஊற்றினாள்.